பிள்ளைக்குக் குளிரக்கூடாது

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துருவம்)



"மருத்துவத்துறையில் பெண்கள்" என்ற தலைப்பில் பேச முடியுமா என்று சங்கத்திலிருந்து கேட்டிருந்தார்கள். அந்தத் தலைப்பில் பேசத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தின் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களை இருத்தி வைத்துக்கொண்டு நாங்கள் பேசுவது சரியில்லை. ஆகவே எங்கள் அன்றாட வேலையில் ஒரு சிறு துண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று அனுமதி கேட்டோம். இருதய நோயுடன் பிறந்த கைக்குழந்தைக்குச் சிகிச்சை நடக்கும்போது அதன் உடம்புச் சூட்டைக் காப்பது எப்படி என்பதுதான் அந்தத் துண்டு.

"நாங்கள்" என்று சொல்வது மரியாதைக்காக அல்ல. இந்த வேலையைத் தனி ஆளாக ஒருவராலும் செய்ய முடியாது. மயக்கமருந்து கொடுப்பவர், இருதய வைத்திய நிபுணர், தாதியர், எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்கும் தொழினுட்பவியலாளர், பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வரும் சிற்றூழியர் எல்லோரும் சேர்ந்ததுதான் "நாங்கள்". இவர்களில் ஒருவர் கதவைத் திறந்துவிட்டுப் போனாலும் பிள்ளையின் சூடு இறங்கும்.

உயிருடன் பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் எட்டு அல்லது ஒன்பது பிள்ளைகளுக்கு இருதயத்தில் ஏதோவொரு குறை இருக்கும். பலருக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. சிலருக்குப் பிறந்த சில நாட்களுக்குள்ளேயே ஏதாவது செய்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் நெஞ்சைத் திறப்பதில்லை. தொடையிலோ தொப்புளிலோ உள்ள நாளத்தின் வழியாக, நூடில்ஸ் இழை அளவான ஒரு குழாயை இருதயம் வரை கொண்டுபோய் வேலையை முடித்துவிடலாம். இந்தக் குழாய்க்குக் கதீற்றர் என்று பெயர். உதாரணமாக, இருதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெருங்குழாய்களும் இடம்மாறிப் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவாசப்பையில் சுத்தமான இரத்தம் திரும்பவும் சுவாசப்பைக்கே போகும். அழுக்கு இரத்தம் திரும்பவும் உடம்புக்கே போகும். பிள்ளை நீலம் பாரிக்கும். 1966 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் வில்லியம் ராஷ்கைண்ட் என்ற வைத்தியர் இதற்கு ஒரு வழி காட்டினார். நுனியில் சின்ன பலூன் உள்ள கதீற்றரை இருதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள துவாரத்தினூடாகச் செலுத்தி, பலூனை நிரப்பி, ஒரே இழுவையில் பின்னால் இழுத்தார். துவாரம் பெரிதாகி இரண்டு இரத்தமும் கலக்க, பிள்ளை சிவந்தது. நெஞ்சைத் திறந்து நிரந்தரமாகத் திருத்தும் நாள் வரைக்கும் அந்தத் துவாரம் பிள்ளையைக் காப்பாற்றும். இன்றைக்கும் செய்கிறோம்.

இப்போது இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கும் கதீற்றர் போகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் மூடவேண்டிய ஒரு குழாய் மூடாமல் நின்றுவிடும். அதை அடைக்கும் பிக்கோலோ என்ற ஒரு சின்னக் கருவிக்கு 2019 இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். 700 கிராம் நிறையுள்ள பிள்ளைக்கும் வைக்கலாம் என்று. 700 கிராம் என்றால், ஒரு இறாத்தல் பாண் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், அதைவிட அரைவாசி கூட. அவ்வளவுதான் முழுப் பிள்ளையும்.

இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் எங்கே கிடத்துகிறோம்? எக்ஸ்ரே இயந்திரங்கள் சூடாகும் என்பதற்காகக் குளிராக வைத்திருக்கும் ஒரு பெரிய அறையில், வளர்ந்தவர்களுக்காகச் செய்த நீண்ட மேசையில், மெல்லிய மெத்தையின் மேல். உடுப்பு இல்லை. பக்கவாட்டிலிருந்தும் படம் எடுக்க வேண்டும் என்பதால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைப்போம். குழந்தை குளிரும்போது தானாகக் கைகாலைச் சுருட்டிக்கொள்ளுமே, அதற்கு நேர் எதிரான கிடை இது. பிறகு தொடையைக் கிருமிநீக்கித் திரவத்தால் நனைப்போம். வேறெங்கும் பிள்ளைக்கு மேலே வெப்பமூட்டி விளக்கு நிற்கும். இங்கே அந்த இடத்தை எக்ஸ்ரே கமரா பிடித்துக்கொண்டிருக்கும்.

இதில் என்ன நடக்கும் என்பது எங்கள் பௌதிகவியல் வகுப்பில் படித்ததுதான். வெப்பம் போகும் வழிகள்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல், அவற்றோடு ஆவியாதல். கரும்பலகையில் நாலு அம்புக்குறி போட்டு எழுதியது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. குளிர்ந்த மேசைக்குக் கடத்தலால் போகும். ஏசிக் காற்று மேலே வீச மேற்காவுகையால் போகும். நனைந்த தோலிலிருந்து ஆவியாதலால் போகும். எல்லோரும் மறந்துவிடுவது கதிர்வீசலை. அறைக் காற்று சூடாக இருந்தாலும் சுவரும் இயந்திரமும் குளிர்ந்திருந்தால் பிள்ளையின் வெப்பம் அவற்றை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் பிள்ளை வந்த பிறகு ஏசியைக் கூட்டிக் குறைப்பதில் பிரயோசனம் குறைவு. சுவர் சூடாக நேரம் எடுக்கும்.

ஆவியாதலைப் பற்றி ஒரு சின்னக் கணக்குச் செய்து பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியாக ஏறக்குறைய 0.58 கிலோகலோரி வெப்பம் வேண்டும். மனித உடம்பு ஒரு கிலோவை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 0.83 கிலோகலோரி. மூன்று கிலோப் பிள்ளை என்றால் 2.5 கிலோகலோரி. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் திரவம் அந்தப் பிள்ளையின் தோலில் காய்ந்தால் 2.9 கிலோகலோரி போய்விடும். பிள்ளை வெப்பம் ஒன்றும் உற்பத்தி செய்யாவிட்டால் சூடு ஒரு பாகைக்கு மேலே இறங்கும். உற்பத்தி செய்தாலும், அது அரை மணித்தியாலத்தில் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் அந்த ஒரு தேக்கரண்டிக்குச் சரி. ஒரு கிலோப் பிள்ளைக்கு ஒரு பாகை இறங்க ஒன்றரை மில்லிலீற்றர் காணும். நாங்கள் தொடையைத் துடைக்கும் பஞ்சில் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

சின்னப் பிள்ளைக்கு நிறைக்கேற்ற தோல் கூட. மூன்று கிலோப் பிள்ளையிடம் ஒரு கிலோவுக்கு உள்ள தோல்பரப்பு எங்களிடம் உள்ளதைப்போல இரண்டரை மடங்கு. ஒரு கிலோப் பிள்ளையிடம் நாலு மடங்குக்குக் கிட்ட. சூடான தேநீரைக் கோப்பையிலிருந்து சோசரில் ஊற்றினால் கெதியாக ஆறும் அல்லவா, அதே விடயம். தலை மட்டும் உடம்புப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு.

வெப்பம் போவது ஒரு பக்கம். உண்டாக்குவது மறுபக்கம். எங்களுக்குக் குளிர்ந்தால் நடுங்குவோம். பிறந்த பிள்ளை அப்படி நடுங்குவதில்லை. அதற்கு முதுகில் தோள்பட்டைகளுக்கு இடையிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் கபில நிறக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது. குளிர்ந்தால் மூளை கட்டளையிட, அந்தக் கொழுப்பு எரிந்து வெப்பம் தரும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். குளிரில் கிடக்கும் பிள்ளையின் ஒட்சிசன் தேவை இரட்டிப்பாகலாம். ஏற்கெனவே நீலம் பாரித்துக் கிடக்கும் பிள்ளை அந்த ஒட்சிசனுக்கு எங்கே போகும்? போதாக்குறைக்கு நாங்கள் மயக்கமருந்தும் கொடுக்கிறோம். மயக்கமருந்து அந்தக் கொழுப்பு எரிவதையும் தடுக்கும், தோலின் இரத்தக் குழாய்களையும் விரிக்கும். உள்ளே இருந்த சூடு வெளியே வரும், வெளியே வந்தது அறைக்குப் போகும். குறைமாதப் பிள்ளையிடம் அந்தக் கொழுப்பே சரியாக உருவாகியிருக்காது.

உலக சுகாதார நிறுவனம் பிறந்த பிள்ளைக்குச் சரியான சூடு 36.5 இலிருந்து 37.5 பாகை வரை என்கிறது. 36 க்குக் கீழே போனாலே நடுத்தரக் குளிர்வு, 32 க்குக் கீழே கடுமையானது. எங்களுக்கு ஒரு பாகை என்பது பெரிய விடயமில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. குளிர்ந்தால் சுவாசப்பையின் இரத்தக் குழாய்கள் இறுகும். இரத்தத்தில் அமிலம் கூடும். குளுக்கோசு குறையும். இரத்தம் உறைவது பிந்தும். மூன்று கிலோப் பிள்ளையின் முழு இரத்தமும் ஒரு கோப்பை தேநீர் அளவுதான் என்பதால் கசிவு எதுவும் சின்னக் கசிவில்லை. இருதயத் துடிப்புத் தடுமாறும். மயக்கமருந்து உடம்பில் தங்கி, முடிந்த பிறகும் பிள்ளை எழும்பாது.

இன்னொன்றை வைத்தியர்களே சில வேளை யோசிப்பதில்லை. கதீற்றர் போடுவது திருத்துவதற்கு மட்டும் அல்ல, அளப்பதற்கும்தான். சுவாசப்பைக்குப் போகும் இரத்தம் எவ்வளவு, அங்கே எதிர்ப்பு எவ்வளவு என்று அளந்து, இந்தப் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை செய்யலாமா, காலம் கடந்துவிட்டதா என்று முடிவெடுப்போம். அந்தக் கணக்கு 1870 இல் அடொல்ப் பிக் என்ற ஜேர்மனியர் சொன்ன சூத்திரத்தில் நிற்கிறது. அதற்குப் பிள்ளை ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஒட்சிசன் செலவழிக்கிறது என்று தெரிய வேண்டும். பல இடங்களில் அதை நேரே அளக்காமல் அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். அட்டவணை போட்டது சாதாரணச் சூட்டில் உள்ள பிள்ளைகளுக்கு. குளிர்ந்த பிள்ளையில் செலவும் வேறு, இறுகிப்போன குழாய்களின் அழுத்தமும் வேறு. வருகிற இலக்கம் பிழையாக வரும். அந்த இலக்கத்தை வைத்து ஒரு தாய்க்கு "இனி ஒன்றும் செய்ய இயலாது" என்று சொல்லக்கூடும். சூட்டைக் காப்பது பிள்ளையின் வசதிக்காக என்று நினைப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விடயமும் அல்ல. பாரிஸில் ஸ்ரெபான் தார்னியே 1880 அளவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, அதைப்போலக் குழந்தைக்கும் ஒன்று செய்வித்தார். அவருடைய மாணவர் பியர் புடென் குளிர்ந்த பிள்ளைகளே கூடுதலாக இறக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். அதற்குப் பிறகு நியூயோர்க்கில் வில்லியம் சில்வர்மனும் கூட்டாளிகளும் குறைமாதப் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவின் இன்கியூபேற்றரை மற்றதைவிட ஏறக்குறைய மூன்று பாகை சூடாக வைத்தார்கள். 1958 இல் முடிவை வெளியிட்டார்கள். சூடான பெட்டியில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள். மருந்து இல்லை, ஊசி இல்லை. மூன்று பாகை.

இந்த இடத்தில் விஞ்ஞானம் படித்த தங்கைமார் யாராவது கேட்கக்கூடும்: இருதய சத்திரசிகிச்சையில் உடம்பைக் குளிரவைத்துத்தானே செய்கிறார்கள்? உண்மைதான். 1952 செப்ரெம்பரில் மினசோட்டாவில் ஜோன் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடம்பை 28 பாகைக்குக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தைச் சில நிமிடம் நிறுத்தி, இருதயத்திலிருந்த துவாரத்தைத் தைத்தார். திறந்த இருதய சத்திரசிகிச்சை அதிலிருந்துதான் வளர்ந்தது. அது மூளையைக் காப்பதற்காக, வேண்டுமென்று, அளந்து கொடுக்கும் குளிர். கதீற்றர் அறையில் வருவது ஒருவரும் கேட்காமல் தானாக வரும் குளிர். மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

சரி, என்ன செய்கிறோம்? பிள்ளை வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே வேலை தொடங்கும். முதலாவது ஏசி. அறையை 26 பாகைக்குக் குறையாமல் கொண்டுவருவோம், சின்னப் பிள்ளை என்றால் இன்னும் கூட. இதில் சண்டை வரும். இருதய வைத்திய நிபுணர் ஈய அங்கி போட்டு, அதற்கு மேலே கிருமிநீக்கிய அங்கி போட்டு, இரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்ய வேண்டும். வியர்வை கண்ணுக்குள் இறங்கும். "கொஞ்சம் குறையுங்கோ" என்பார். பாவம்தான். எங்களோடு வேலை செய்த ஒரு மூத்த தாதி ஏசியின் றிமோட்டைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, "பிள்ளை வெளியில போனாப் பிறகு தாறன் டொக்டர்" என்று சொல்லிவிடுவார். அவருக்குப் பதவி இல்லை, ஆனால் அந்த அறையில் அவர் சொன்னதுதான் சட்டம். பிறகு நெற்றியில் துணி நனைத்துத் துடைத்து விடுவதும் அவரேதான்.

மேசையில் சூடான காற்று ஊதும் மெல்லிய மெத்தை ஒன்றை விரிப்போம். உள்ளே கம்பி உள்ள மின்சார மெத்தை இங்கே சரிவராது. கம்பி எக்ஸ்ரேயில் தெரிந்து இருதயத்தை மறைக்கும். காற்று மெத்தையில் கம்பி இல்லை. அதைப் பிள்ளை வருவதற்கு முன்னரே ஓடவிட்டு மேசையைச் சூடாக்கி வைப்போம். தலைக்குத் தொப்பி. நெஞ்சையும் வயிற்றையும் மெல்லிய பொலித்தீனால் மூடுவோம். முன்பு சோறு கட்டிய லஞ்ச் சீற்றை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதேதான். ஊடுகாட்டும், எக்ஸ்ரேயில் தெரியாது, ஈரம் ஆவியாவதைத் தடுக்கும். 32 கிழமைக்கு முன் பிறந்த பிள்ளைகளைப் பிறந்தவுடன் துடைக்காமலே பொலித்தீன் பைக்குள் கழுத்து வரை போடுவது இப்போது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். கோடிக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் கீழே சில ரூபாய்ப் பொலித்தீன் அதே அளவு முக்கியமாகக் கிடக்கும்.

கிருமிநீக்கித் திரவத்தை இளஞ்சூடாக்கி, குறைவாகத் தடவி, பிள்ளையின் கீழே வழிந்து தேங்காமல் உடனே ஒற்றி எடுப்போம். கதீற்றரைக் கழுவ விடும் சேலைனும் படம் தெரிய விடும் சாயமும் உடம்புச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். சுவாசிக்கக் கொடுக்கும் வாயுவை ஈரமாக்கிச் சூடாக்குவோம். வெப்பமானி முழு நேரமும் மலவாசலிலோ உணவுக்குழாயிலோ இருக்கும். அதன் வயர் இருதயத்தின் படத்துக்குக் குறுக்கே போகாதபடி ஒட்ட வேண்டும். அந்த வயரை ஒட்டுவதற்கென்றே சிலரிடம் தனிக் கைவாகு உண்டு.

சூடாக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலையோ கையுறையையோ பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரத்த ஓட்டம் குறைந்த தோல் சூட்டைக் கடத்திக்கொண்டு போகாது, அங்கேயே வேகும். மயக்கத்தில் உள்ள பிள்ளை அழுது சொல்லவும் மாட்டாது. சூடான காற்று வரும் குழாயை மெத்தையில் பொருத்தாமல் நேரே போர்வைக்குள் விடுவதும் அப்படித்தான். சூடு 37.5 ஐத் தாண்டினால் இருதயம் இன்னும் வேகமாக ஓடி ஒட்சிசனைக் கூடச் செலவழிக்கும். சத்திரசிகிச்சை முடிந்த பிள்ளைகளில் சில வகைத் துடிப்புக் கோளாறுகள் காய்ச்சலால் மோசமாகும். ஆகவே ஏற்றுவதும் நிறுத்துவதும் வெப்பமானியைப் பார்த்துத்தான். கையை வைத்துப் பார்த்து "சூடாகத்தான் இருக்கிறது" என்பது போதாது.

இவ்வளவும் அறைக்குள்ளே. எங்களுடைய கவலை பெரும்பாலும் அறைக்கு வெளியே. வடக்கில் பிறக்கும் பிள்ளைக்கு இந்தச் சிகிச்சை வேண்டுமென்றால் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் வர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். அம்புலன்ஸில், பெரும்பாலும் இரவில். பிரசவ அறையிலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து வாகனத்துக்கு, வாகனத்திலிருந்து மற்ற வைத்தியசாலையின் வாசலுக்கு, அங்கிருந்து ஸ்கானுக்கு, பிறகு எங்களிடம் என்று பிள்ளை கைமாறிக்கொண்டே வரும். சூடு போவது ஓடும் வழியில் அவ்வளவு இல்லை, இந்தக் கைமாறும் இடங்களில்தான். கதவு திறக்கும், போர்வை விலகும், பெயரும் கடிதமும் சரிபார்க்கப்படும். உலக சுகாதார நிறுவனம் இதற்கு "சூட்டுச் சங்கிலி" என்று பெயர் வைத்திருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் மற்றவை இருந்தும் பிரயோசனமில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம், பெயரும் ஊரும் வேண்டாம். நாலு நாள் வயது, 2.6 கிலோ, பெருங்குழாய்கள் இடம்மாறிய பிள்ளை. அதிகாலையில் வந்து சேர்ந்தது. ஒட்சிசன் அளவு 52, சூடு 34.6. அம்புலன்ஸில் கூட வந்த தாதி தன்னால் இயன்றதெல்லாம் செய்திருந்தார். இரண்டு போர்வை, தொப்பி எல்லாம் இருந்தன. தாய்க்குச் சிசேரியன், அவர் அங்கேயே. தகப்பன் கூட வந்தார். பிள்ளையைத் தாயின் பழைய சோட்டித் துணியில் சுற்றி, அதற்கு மேலே போர்வைகளைச் சுற்றியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால் அந்த உள்துணி நனைந்திருந்தது. வழியில் எங்கேயோ பிள்ளை சலம் போயிருக்கிறது. பிள்ளையை அசைக்கப் பயந்து ஒருவரும் அவிழ்க்கவில்லை. வெளியே இரண்டு போர்வை, உள்ளே ஈரத்துணி.

இருதய வைத்திய நிபுணர் கதீற்றர் அறைக்குக் கொண்டுபோக விரும்பினார். அங்கே படம் துல்லியமாகத் தெரியும். நாங்கள் பிள்ளையை இனி அசைக்க வேண்டாம், பலூனைப் பிள்ளையிடம் கொண்டுவருவோம் என்றோம். வெப்பமூட்டி விளக்கின் கீழே, தீவிர சிகிச்சைக் கட்டிலிலேயே, எக்கோ ஸ்கானைப் பார்த்துச் செய்யக்கூடிய வேலைதான் அது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. குரல் கொஞ்சம் உயர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முடிவில் கட்டிலிலேயே செய்தார். தொப்புள் நாளத்தால் பலூன் போனது. ஒரு பக்கம் சூடேற்ற, மறுபக்கம் அவர் வேலை செய்தார். இழுத்த பிறகு ஒட்சிசன் மெல்ல 78 க்கு வந்தது. சூடு 36.5 ஆக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அதற்குப் பிறகுதான் இரத்தத்தில் அமிலமும் குறையத் தொடங்கியது.

வெளியே நின்ற தகப்பன் கேட்டது: "இந்த வெயிலுக்கை பிள்ளைக்கு என்னெண்டு டொக்டர் குளிர் பிடிச்சது?" சித்திரை மாதம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் குளிர் என்றால் நுவரெலியா, இல்லாவிட்டால் மார்கழிப் பனி. 32 பாகை வெயில் எங்களுக்கு வேர்க்கும். 37 பாகையில் இருக்க வேண்டிய ஈரப் பிள்ளைக்கு அதுவும் குளிர்தான், அதற்கு மேல் அம்புலன்ஸில் ஏசி. "தம்பி, ஈரத்துணிதான் குளிர்" என்று சொன்னோம். அவர் அந்தச் சோட்டித் துணியை வாங்கி, பிழிந்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்கியூபேற்றர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று ஒரு அக்கா இடைவேளையில் கேட்டார். 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் றே சனாப்ரியா என்ற வைத்தியர், இன்கியூபேற்றர் போதாமல், குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்திக் கட்டி வைக்கத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்றைக்கு எங்கள் நாட்டு வைத்தியசாலைகளிலும் நடக்கிறது. சிகிச்சை முடிந்து நிலைமை சீரான இருதயப் பிள்ளைகளையும் நாங்கள் இப்படித் தாயிடம் கொடுக்கிறோம். வயர்களோடு கொடுக்கத் தாய்மார் முதலில் பயப்படுவார்கள். அரை மணித்தியாலத்தில் பிள்ளையின் துடிப்பு அமைதியாவதை மொனிற்றரில் தாங்களே பார்ப்பார்கள். எங்கள் அம்மம்மாமார் பழைய பருத்திச் சேலையைத் துவைத்து மெதுமையாக்கி வைத்திருந்தது சரியான வேலைதான். பிறந்த அன்றைக்கே குளிக்கவார்த்தது மட்டும் சரியில்லை, ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். இதைச் சொன்னால் வீட்டில் கோபிப்பார்கள், பரவாயில்லை.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகள் "என்ன வாங்கி அனுப்பலாம்" என்று கேட்டபடியே இருக்கிறீர்கள். வெளிப்படையாகச் சொல்கிறோம். பழைய இன்கியூபேற்றர் அனுப்ப வேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 110 அல்லது 120 வோல்ற்று, இங்கே 230. உதிரிப்பாகமும் திருத்துநரும் இல்லாமல் அது கொஞ்ச நாளில் நடைபாதையில் துணி வைக்கும் அலுமாரியாகிவிடும். தட்டுப்பாடு பெரிய இயந்திரத்தில் குறைவு, தினமும் தீரும் சின்னச் சாமான்களில்தான் கூட: காற்று மெத்தைகள் (ஒரு பிள்ளைக்கு ஒன்று), சின்ன அளவு வெப்பமானி வயர்கள், சுவாசக் குழாயில் பொருத்தும் ஈரப்பத வடிகள். எந்த வைத்தியசாலைக்கு என்றாலும், அங்கே எந்த இயந்திரம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு கொம்பனியின் மெத்தை இன்னொரு கொம்பனியின் குழாயில் பொருந்தாது.

காசு கொடுக்க வசதியில்லை, கை வேலை தெரியும் என்பவர்களுக்குத் தொப்பி இருக்கிறது. தையல் வகுப்பில் நிற்றிங் ஊசியோடு நாங்கள் பட்ட பாடு இப்போதாவது உதவட்டும். நிறைமாதப் பிள்ளையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர், 30 கிழமைப் பிள்ளைக்கு 27 அல்லது 28. காதை மூட வேண்டும். ஒற்றைப் படையான மெல்லிய பனியன் துணித் தொப்பி சூட்டைத் தாங்காது, இரண்டு படையாகச் செய்யுங்கள். தனி வுல் வைத்தியசாலைச் சலவையில் சுருங்கிப் பொம்மைத் தொப்பியாகிவிடும், பருத்தி கலந்த நூல் நல்லது. பொத்தான், மணி, சரிகை, குஞ்சம் ஒன்றும் வேண்டாம். பொத்தானும் மணியும் எக்ஸ்ரேயில் தெரியும், மற்றவை தலையை அழுத்தும். நிறம் உங்கள் விருப்பம். பாடசாலை நிறத்தில் பின்னினால் எங்களுக்குச் சந்தோசம்தான், ஆனால் சாயம் போகாத நூலாகப் பாருங்கள்.

அளவுகள் எழுதிய தாள் மண்டப வாசலில், வருகைப் பதிவுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வர முடியாதவர்களுக்குச் செயலாளர் அனுப்பிவைப்பார்.